ஹென்றிக்கின் கை, என் கை

நவம்பர் 4, செவ்வாய்
டென்மார்க், ரண்டர்ஸில் விடிந்ததிலிருந்து காற்றோடு மழை. சைக்கிளில் போய் முழங்கால்வரை நனைந்தேன். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இன்றைய முதல் வேலை, ஹென்றிக்கைக் குளிப்பாட்டுவது. வயது எண்பத்து நான்கு. லத்தீன் படிப்பித்தவர். இப்போது மறதி நோய். நல்ல நாளென்றால் எனக்கும் பாடம். முதுமை ஒருவரையும் கெடுக்காதாம், உள்ளே கிடந்ததை வெளியே எடுத்துக் காட்டுமாம். பழைய ரோமர் அப்படித்தான் நம்பினார்களாம். கோபத்தை ஆளத் தெரியாதவன் அடிமையாம்.

இன்று நல்ல நாள் இல்லை. ஷவர்ப் பிடியைப் பிடுங்கி என் வாயில் அடித்தார். உதடு கிழிந்து இரண்டு தையல்.

நவ. 6, வியாழன்
வீக்கம். கஞ்சி மட்டும்.

சட்டை போட்டுவிடும்போது ஹென்றிக் என் மயிரைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினார். ஒருமுறை. இன்னொருமுறை. மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். அவர் மயிரை விட்டுவிட்டார். நான் விடவில்லை. இன்னும் முறுக்கினேன். கன்னத்தில் அறைந்தேன். பலமாக. அழுதார்.

வாசலில் வனிதா, என்னோடு வேலை செய்கிறவள்.
"அக்கா, நான் ஒண்டும் காணேல்லை."
"நீ கண்டனி."
"அவருக்கு நாளைக்கு ஞாபகம் இராது. பேசாம இருங்கோ."
பேசாமல்தான் வீட்டுக்கு வந்தேன். சுவரில் மோதிய இடம் இன்னும் விண்விண் என்கிறது. ஆனால் அந்த அறை. அடித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை யாரிடம் சொல்ல?

நவ. 7, வெள்ளி
அவர் மணிக்கட்டில் கருநீலமாக என் விரல்கள். நேரே அலுவலகம் போனேன், நடந்ததை எழுதிக் கொடுத்தேன். பொறுப்பாளர் இரண்டு தரம் வாசித்தார். விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்றார்.

ஹென்றிக்கின் மகளையும் கூப்பிட்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்டேன். டேனிஷில் மெதுவாகச் சொன்னாள்: "பள்ளிக்கூடத்தில் பொறுமையைப் பற்றிப் படிப்பித்துவிட்டு வந்து எங்களை பெல்ட்டால் அடிப்பார். இது வயதால் வந்ததில்லை." கதவடியில் திரும்பினாள். "அதற்காக நீங்கள் அவரை அடித்திருக்கக் கூடாது."

நவ. 9, ஞாயிறு
வெயில், கடுங்குளிர். மகன் ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து சாப்பிட வந்தான். முப்பது வயது. றால் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு கேட்டேன்.
"தம்பி, சின்னனில நான் உனக்கு அடிச்சனானே?"
எதற்கும் டேனிஷில் பதில் சொல்கிறவன்.
"ஓம் அம்மா," என்றான், தமிழில். "அகப்பைக்காம்பால. அழாத, அழாத எண்டு சொல்லிச் சொல்லி."
ஒரே ஒரு தரம் என்றுதான் நினைத்திருந்தேன்.
"எத்தினை தரம்?"
 கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினான். நான் எழுந்து அவன் பக்கத்தில் போய், தோளில் வைக்கக் கையைத் தூக்கினேன்.
தலையை ஒதுக்கிக்கொண்டான்.