கழித்த வட்டத்தில் இருந்தது

பிப்ரவரி 9

வகுப்பில் ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்: "கண்ணுக்கே தெரியாததை வெளிச்சம்னு எப்படி டீச்சர் சொல்றீங்க?" இன்று, விண்மீன் ஆராய்ச்சி செய்யும் மருமகளின் கணினித் திரையைப் பார்த்தபோது அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது.

திரையில், மோதி ஒன்றாகிக்கொண்டிருக்கும் இரண்டு விண்மீன் திரள்கள். கண்ணால் பார்த்தால் மங்கல்; அகச்சிவப்பில் பார்த்தால் அப்படியொரு பிரகாசம். உள்ளே ஏதோ தூசியைச் சூடாக்குகிறது. கூட்டமாகப் பிறக்கும் விண்மீன்களா, வாரி விழுங்கும் கருந்துளையா? மூடிய சமையலறையிலிருந்து வெக்கை வருகிறது. உள்ளே எரிவது பத்து சின்ன அடுப்பா, ஒரே உலையா என்று கதவுக்கு வெளியே நின்று யோசிப்பது போல. கருந்துளை என்றால், அதன் வலுவான எக்ஸ்ரே மட்டும் தூசியைத் துளைத்து வரும். அதைப் பிடிக்க, காற்றுக்கு மேலே விண்வெளியில் தொலைநோக்கி வேண்டும்.

"உங்க உதாரணம் எல்லாம் அடுப்படியிலேயே சுத்துது, அத்தை."

"நீ அந்தப் பக்கம் வர்றதில்லையே, அதான் இங்க கொண்டுவர்றேன்."

பிப்ரவரி 20

எக்ஸ்ரே படத்தில் ஒரு திரளின் மையத்தின் மேல் வட்டம் போடுகிறாள். பக்கத்தில், வெறும் வானத்தில், இன்னொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து மிஞ்சுவதுதான் திரளின் எக்ஸ்ரே. கழித்துப் பார்த்தாள். வலுவான எக்ஸ்ரே ஒன்றுமே மிஞ்சவில்லை. கருந்துளை இருப்பதற்கு அடையாளம் இல்லாமல் இன்னும் சக்திவாய்ந்த தொலைநோக்கியில் நேரம் தர மாட்டார்களாம். கோடையோடு அவள் உதவித்தொகையும் முடிகிறது.

மார்ச் 3

வேறு ஊரில் காப்பீட்டுக் கம்பெனி வேலைக்குச் சம்மதித்துவிட்டாள். வாழ்த்துச் சொன்னேன். எதற்குச் சொன்னேன்?

மார்ச் 14

விமானத்துக்கு முன் அவள் பெட்டியை எடை பார்க்க வேண்டும். மகன் எடைக்கருவியில் முதலில் தனியாக ஏறினான். பிறகு தோளில் கிடந்த ஆபீஸ் பையை இறக்கி வைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினான். கழித்துப் பார்த்து, "ஒன்பதே கிலோ!" என்றான்.

"என்னால நகர்த்தக்கூட முடியலை, ஒன்பதா? முதல்ல பையோட நின்னீங்க. அதையும் சேர்த்துக் கழிச்சிட்டீங்க. மூளையும் அந்தப் பையிலதான் இருக்கா?"

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள் — சட்டென்று நிறுத்தினாள்.

"அத்தை... நான் கழிச்ச வட்டம் வெறும் வானந்தானா?"

பெட்டியை அப்படியே விட்டுவிட்டுக் கணினிக்கு ஓடினாள். எக்ஸ்ரே படத்தில் அந்த இடம் வெறுமையாகத்தான் தெரிந்தது. அகச்சிவப்புப் படத்தை அதன்மேல் பொருத்தினாள். இரண்டாவது திரளின் மையம் அச்சாக அந்த வட்டத்துக்குள்! அங்கிருந்து வந்த கொஞ்ச எக்ஸ்ரேயையும் வெறும் வானம் என்று கழித்திருக்கிறாள்.

"எப்படி அத்தை கவனிக்காம விட்டேன்?"

வட்டத்தைத் தள்ளிப் போட்டுக் கணக்கிட்டாள். மிஞ்சியது. நிறைய இல்லை. ஆனால் மிஞ்சியது!

மகன் பையைத் தூக்கிக் காட்டினான். "அப்போ கருந்துளையே என் பைக்குள்ளதான் இருந்துச்சா?"

மார்ச் 16

காப்பீட்டுக்காரர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டாள். வட்டத்தைத் தப்பாகப் போட்டதற்கு அவள் ஆய்வுக்குழுத் தலைவர் கடிந்துகொண்டாராம். கூடவே, "விண்ணப்பத்தைத் திருப்பி எழுது. ஒரு வருஷம் நீட்டிக்க நான் பேசறேன்" என்றாராம்.

ஜூன் 28

பெரிய தொலைநோக்கியில் நேரம் கிடைத்துவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றக்கூட இல்லை, என்னைக் கட்டிக்கொண்டாள்.

நவம்பர் 11

புதிய படம் வந்தது. இரண்டு மையங்களிலும் வலுவான எக்ஸ்ரே. ஒன்றைத் தேடிப் போனவளுக்கு இரண்டு கருந்துளைகள்.

"எங்க சமையலறையில ரெண்டு உலை, அத்தை" என்றாள். என் உதாரணத்தை எனக்கே திருப்பித் தந்துவிட்டாள்.

அந்தப் பெட்டியில் இப்போது போர்வைகள். அலமாரி மேல் ஏறிவிட்டது.

அந்த மாணவியை எங்காவது பார்த்தால் இதைத்தான் சொல்வேன்: இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்ததும், கண்ணை மூடி, தொட்டுவிடாமல் உள்ளங்கையை அதன் பக்கத்தில் பிடித்துப் பார். கையில் படும் அந்த வெக்கைதான் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்.