சுவருக்குள் போன வெந்நீர்க் குழாய்

சேரன்மகாதேவி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் கணேஷ்ராமுக்கு அப்பா எழுதுவது. கனடாவில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் சாஸ்தா பார்த்துக்கொள்ளட்டும். அம்மாவுக்குக் கழுத்திலும் இடது தோளிலும் வெந்த புண் காய ஆரம்பித்திருக்கிறது, புதன்கிழமை பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து விடுவார்களாம். போனில் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால் இதை எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், முழுதும் படித்துவிட்டுக் கூப்பிடு.

அன்று சாயங்காலம் குளியலறைக் குழாய் வளைகிற முட்டியில் வெடித்து சோலார் வெந்நீர் அம்மா மேல் பீய்ச்சியது உனக்குத் தெரியும். தோல் சேலையோடு உரிந்து வந்தது. குழாய் மாட்டினவன் உன்னோடு படித்த இசக்கிதுரைதானே, அம்மாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பியதும் என் கொத்து வேலை மட்டக்கோலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டீக்கடையில் நின்றவனை முதுகில் போட்டேன். தடுக்க நீட்டிய வலது மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது, நிறுத்தவில்லை. வாயெல்லாம் ரத்தமாக, "மாமா, சுவத்துல இடம் விட்டுத்தான் மாட்டுனேன், உடைச்சுப் பாருங்க" என்றான். அதற்கும் ஒரு மிதி மிதித்தேன். போதாதென்று அவன்தான் முதலில் அடித்தான் என்று போலீஸில் பொய் எழுதிக் கொடுத்தேன். நீயும் போனில், "அவன விடாதீங்கப்பா, இன்னொரு கையையும் முறிங்க" என்று கத்தினாய். கேட்க எனக்கு இனித்தது.

நேற்று புதுக் குழாய் போடச் சுவரை உடைத்தேன். கனடாவில் வீட்டைச் சூடாக்குகிற குழாய்களுக்கு நீங்கள் செய்வதுபோலவே, வெந்நீர் ஓடினால் குழாய் நீளும், சுவர்த் துளையில் சுற்றி இடம் விடு என்று நீ போனில் அவனிடம் சொன்னபடிதான் அவன் விரல் நுழைகிற அளவு விட்டிருந்தான். அந்த இடம் முழுக்க என் சிமெண்ட் இருந்தது. முப்பது வருஷக் கொத்தனார் வீட்டுச் சுவரில் ஓட்டையா என்று பொறுக்காமல் அவன் போன மறுநாளே நான்தான் திணித்துப் பூசி, சுண்ணாம்பும் அடித்தேன். வெயில் ஏறும்போது சுவருக்குள் டக் டக்கென்று அடித்ததே, எலி என்று உன் அம்மாவை அதட்டினேன். நீள வழியில்லாமல் குழாய் முட்டியை உடைத்திருக்கிறது. அவளை வேகவைத்தவன் நான், ஒன்றும் செய்யாதவன் கையை முறித்தவனும் நான்.

நாளை காலை ஸ்டேஷனில் உள்ளதைச் சொல்கிறேன். உள்ளே வைத்தால் வைக்கட்டும், நீ வக்கீல் தேடாதே. ஒன்று மறக்காதே, இசக்கிதுரையைக் கூப்பிட்டு நீ பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேள். எடுக்காவிட்டால் மறுபடியும் கூப்பிடு. என் கோபம் மட்டும் உனக்கு வராமல், மற்றதெல்லாம் கிடைத்து நன்றாக இரு.

இன்று மத்தியானம் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முறிந்தது எந்தக் கை என்று கேட்டாள். வலது என்றேன். சொம்பை என் மூஞ்சியில் எறிந்துவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டு, "இந்த ஆள வெளிய போகச் சொல்லுங்கம்மா" என்றாள்.

இப்படிக்கு
உன் அப்பா
கொம்பையா