வாய்க்குள் பார்க்காத டாக்டர்

2.3.2008, ஞாயிறு

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல மருமகள் பூங்கொடி எழுதுகிறாள்.

மூன்று நாளாக எங்கள் நாய் கறுப்பிக்கு வாய் மூடவில்லை. எச்சில் கயிறாகத் தொங்குகிறது. பூங்கொடியின் புருஷன், என் மகன் சுந்தரமூர்த்தி, அதை மீன் வேனில் ஏற்றிக் காரைக்காலில் ஒரு நெட் கடைக்குக் கொண்டுபோனான். நானும் போனேன். கம்ப்யூட்டரில் சென்னை டாக்டர் ஒருவர் விட்டு விட்டுத் தெரிந்தார். அவருக்குத் தெரிந்தது நாயின் முதுகாகத்தான் இருக்கும்.

"வெறியாகவும் இருக்கலாம். தொடாதீங்க. கட்டிவெச்சு, பக்கத்துல டாக்டர் யாருக்காவது நேர்ல காட்டுங்க."

அவ்வளவுதான். தூ! நாற்றம் எட்டாத பெட்டிக்கு வைத்தியம் ஒரு கேடா?

ஊருக்குள் இறங்கும்போதே சுந்தரமூர்த்தி அந்த 'இருக்கலாம்' என்பதை விழுங்கிவிட்டான். "வெறிதான், டாக்டரே சொல்லிட்டாரு." நேரில் காட்டவும் போகவில்லை.

3.3.2008

எழுபத்தேழு புயல் வருஷம் முத்தையன் வீட்டு நாய்க்கு வெறி பிடித்ததைப் பார்த்தவன் நான். அது கல்லையும் கட்டையையும் கடித்தது. இது முன்னங்காலால் வாயை வழித்துக்கொண்டே கிடக்கிறது. உள்ளே ஏதோ மாட்டியிருக்கிறது. தெரிந்தும் கிட்டே போனேனா? இல்லை. பயம். என்னைப் பார்த்தும் துப்பணும்.

4.3.2008

நாலு பேர் சுருக்குக் கயிறோடு வந்தார்கள். "சீக்கிரம் முடிங்க" என்கிறான் சுந்தரமூர்த்தி — குட்டியிலிருந்து சோறு வைத்தவன்!

குறடை எடுத்தேன்.

"பெரியப்பா, கடிச்சிச்சின்னா அடுத்த கயிறு ஒங்களுக்குத்தான்" என்றான் ஒருவன். சிரிப்பு வேறு.

தாடைக்குள் குறுக்கே ஒரு கட்டையைக் கொடுத்துக் கையை விட்டேன். அண்ணத்தில் கெளுத்தி முள். இழுத்தேன். சீழும் ரத்தமும் முழங்கை வரைக்கும். வந்த நாலு பேரும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

நாயின் பல் என் கையைக் கீறிவிட்டது. எதற்கும் இருக்கட்டுமென்று பூங்கொடி நாய்க்கடி ஊசிக்கு இழுத்துப்போனாள்.

7.3.2008

இரண்டாவது ஊசி. "கம்ப்யூட்டர்ல காட்டுனதாலதான் நாய் பொழச்சிச்சி" என்று மீன் ஏலத்தில் சுந்தரமூர்த்தி பேசிக்கொண்டிருக்கிறானாம். வெட்கங்கெட்டவன்.

"மாமா, அவங்கள இப்புடியே எழுதவா?"

"எழுதும்மா. ஒரு சொல்லு விடாத."

18.3.2008

நாலாவது ஊசி. கறுப்பி கஞ்சியை விட்டு மீன்தலைக்கு வந்துவிட்டது. சுந்தரமூர்த்தி வேனை நிறுத்தினால் போதும், ஓடிப்போய் அவன் காலடியில் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டுகிறது. மானங்கெட்ட ஜென்மம்.