வெயில் படாத உடம்பு

1975

ஜனவரி 9, வியாழன்

மாவாட்டி முடித்தேன். எழுந்திருக்க முடியவில்லை. தரையில் கை ஊன்றி, முழங்காலைப் பிடித்து, கடைசியில் சுவரைப் பிடித்து எழுந்தேன். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். "ஏளா சம்முகம், இருபத்தஞ்சு வயசுல தள்ளாத கிழவியாட்டம் எந்திரிக்கியே" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நாளாகத் தொடை எலும்புக்குள் ஏதோ இருந்து குடைகிறது.

தங்கை சந்தனமாரிக்கு ஏரலிலிருந்து வரன் வந்திருக்கிறது. அப்பா முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு தெளிச்சி.

ஜனவரி 20

பொங்கல் கழிந்தது. நான் வெளியே போகவில்லை. இதை எழுத வேண்டுமா என்ன?

பத்தாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் வலிப்பு வந்து விழுந்தேன். கூட்டம் கூடி, கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். அன்றோடு எனக்குத் தெரு முடிந்தது. அப்பா மாத்திரை வாங்கித் தந்தார், கதவையும் சாத்தினார். வெறுப்பில் இல்லை, தெரியும். அன்று கூட்டத்தை விலக்கி என்னைத் தூக்கி வந்தவர் அவர்தான். பிறகு இந்தப் புதுத் தெருவுக்குக் குடி வந்தோம். இங்கே என்னை யாருக்கும் தெரியாது. மாத்திரையில் வலிப்பு நின்றுவிட்டது. கதவு மட்டும் திறக்கவில்லை.

பிப்ரவரி 3

இடுப்பு வலி. அம்மா வாயு என்கிறாள். பூண்டுக் கஷாயம்.

பிப்ரவரி 12

கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுந்தேன். வலிப்பு இல்லை, கால்தான் தாங்கவில்லை. வாடகைக் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு அப்பா கூட்டிப் போனார்.

டாக்டர் இசபெல்லா கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பை விரலால் அமுக்கினார். கத்திவிட்டேன்.

"பகல்ல எங்கம்மா இருப்பே?"

"அடுப்படியில. பொறவு ரூமுல."

"மேல வெயில் படுமா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்தார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். ரத்தமும் எடுத்தார்கள்.

பிப்ரவரி 21

இடுப்பெலும்பில் மெல்லிய விரிசல். ரத்தத்தில் கால்சியம் குறைவு. எலும்பு மிருதுவாகி வளைகிற பதத்துக்கு வந்துவிட்டதாம். வைட்டமின் டி இல்லாததால் வந்தது என்றார் டாக்டர். அது வெயில் பட்டு உடம்பிலேயே உண்டாவது. எனக்கு வெயிலே கிடையாது. இருக்கிற கொஞ்சத்தையும் வலிப்பு மாத்திரை தின்றுவிடுகிறது.

"அப்ப மாத்திரைய நிப்பாட்டிரட்டுமா?" என்றேன்.

"ஒரு வேளைகூட நிப்பாட்டப்படாது. வலிப்பு வந்து விழுந்தா இந்த எலும்பு தாங்காது. மாத்திரை சாப்பிடுத காலம் முழுக்க இந்த மருந்தும் கூடவே வேணும். நான் சொல்லுத அளவுதான், கூடவும் கூடாது."

ஊசி, கால்சியம் மாத்திரை, மீனெண்ணெய், பால். அப்புறம் கையும் காலும் படுகிற மாதிரி தினமும் வெயில்.

அப்பா மெதுவாகச் சொன்னார்: "ஏரல்காரங்க வந்துட்டுப் போகட்டும் டாக்டரம்மா. மாடியில நின்னா பக்கத்து வீட்டுக்குத் தெரியும்."

"அண்ணாச்சி, எலும்பு அதுவரைக்கும் காத்திருக்காது" என்றார் டாக்டர்.

அப்பா மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தார்.

பிப்ரவரி 27

மீனெண்ணெய் ஏப்பம் நாள் முழுக்க. வெயில் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஏரலிலிருந்து வந்தார்கள். என்னை மிளகாய் வத்தல் மூட்டை போட்டிருக்கும் உள்ளறையில் உட்கார வைத்தாள் அம்மா. "இருமிராதே தாயி" என்று கெஞ்சினாள். முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். கண்ணும் மூக்கும் எரிந்தன.

ஒரு பெண்குரல்: "உங்களுக்கு ஒரே மகதானா?"

அப்பா குரல்: "ஒருத்திதான்."

மார்ச் 10

நான் செத்தா போனேன்? செத்திருந்தாலாவது ஒரு படம் மாட்டி, மாலை போட்டு, மூத்தவளுன்னு சொல்லியிருப்பாகளே. சந்தனமாரி நல்லா இருக்கணும் — நானும் அதத்தானே நெனைக்கேன். அதுக்கு நான் எதுக்கு இல்லாமப் போகணும்? எலும்பு கரைஞ்சு கரைஞ்சு கடைசியில நெசமாவே இல்லாமப் போயிருவேனோ?

மார்ச் 12

அப்பா கடைக்குப் போய்விட்டார். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்தபடியே, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக நகர்ந்து ஏறினேன். மேலே கண் கூசியது. தூரத்தில் உப்பளம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பக்கத்து மாடியில் முப்பிடாதி அக்கா துணி காயப்போட வந்தாள். அவள் குரலை மட்டும்தான் எனக்குத் தெரியும்.

"யாரும்மா நீ? வேலைக்கு வந்திருக்கியா?"

ஆமாம் என்றிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"இல்லக்கா. இந்த வீட்டு மூத்த மக. சண்முகத்தாய். எனக்கு வலிப்பு உண்டும். அதான் வெளிய விடுததில்ல."

அவள் கையில் ஈரச்சேலையோடு அப்படியே நின்றாள்.

மார்ச் 19

ஏரலிலிருந்து ஆள் வந்தது. மாடியில் நான் சொன்னது அவர்கள் காதுக்கு எட்டிவிட்டது. வேண்டாமாம்.

அப்பா சாப்பிடவில்லை. சந்தனமாரி என் ரூம் வாசலில் வந்து நின்றாள். "சந்தோசந்தானே ஒனக்கு?" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 20

மாடிக்குப் போனேன். அழுதுகொண்டே போனேன். ஆனாலும் போனேன். இனி யாரிடம் மறைக்க? அப்பாவும் தடுக்கவில்லை.

ஏப்ரல் 16

இரண்டாவது ஊசி. சந்தனமாரி இன்னும் பேசவில்லை. ஒரே வீட்டில் பேசாமல் இருப்பது அந்த உள்ளறையை விடக் கொடுமை. நான் செய்தது தப்பா? கேட்டால் இல்லை என்பேன். அவள் முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை.

மே 29

கத்திரி வெயில் முடிந்தும் காந்துகிறது. நிழலுக்கு நகரலாமென்று பார்க்கும்போது சந்தனமாரி மோர் கொண்டு வந்தாள். செம்பை வைத்துவிட்டுப் போகவில்லை. சுவரில் சாய்ந்து நின்றாள்.

"ஒரு வார்த்த எங்கிட்ட மின்னாடியே சொல்லியிருக்கலாம்லா" என்றாள்.

"சொன்னா விட்டிருப்பியா?"

யோசித்தாள். "தெரியல."

பொய் சொல்லாமல் அப்படிச் சொன்னாளே, அதுவே போதும் எனக்கு.

ஜூலை 8

சுவரைப் பிடிக்காமல் எழுந்தேன். அம்மாவிடம் சொல்லாமல் திரும்பவும் உட்கார்ந்து, திரும்பவும் எழுந்து பார்த்தேன்.

ஆகஸ்ட் 14

புது எக்ஸ்ரேயில் விரிசல் ஒட்டி ஆறியிருக்கிறது. டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "இங்கனதான் இருந்துச்சா?" என்று படத்தில் தொட்டார். வெளியே வந்ததும் காரைத் தேடவில்லை. "நடந்துருவியா தாயி?" என்றார்.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்குச் சேலை எடுக்க நானும் சந்தனமாரியும் கடைக்குப் போனோம். அவளுக்கு மாம்பழக் கலர், எனக்கு நீலம். திரும்பும்போது உச்சிவெயில். புழுதி, மாட்டு வண்டி, மீன் கூடைக்காரிகளின் சத்தம். நான் ஏதோ நினைப்பில் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து கத்தினாள்:

"எக்கா, கொஞ்சம் மெல்லத்தான் போயேன்! என்னால ஓடி வர முடியுமா?"

நின்றேன்.