துக்க வீட்டில் அல்வா வாசம்

ஆனி மாதம், வியாழக்கிழமை

என் சிநேகிதி செல்வியின் கணவர் இறந்து இன்று மூன்றாம் நாள். கட்டுமாவடிக்குத் துக்கம் கேட்கப் போனேன். கைக்கு வந்த சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். போன வாரம் ஒரு கல்யாணத்துக்காக, என் வீட்டுக்காரர் துபாயிலிருந்து அனுப்பிய செண்டை அந்தச் சேலையில்தான் அடித்திருந்தேன். அது நினைவிலேயே இல்லை. பேரீச்சம்பழத்தையும் முந்திரியையும் நெய்யில் புரட்டினாற்போல ஒரு வாசம் அதற்கு.

செல்வியைக் கட்டிப்பிடித்து அழுதபோது வாசம் கிளம்பிவிட்டது. அவளுடைய நாத்தனார் மூக்கை விடைத்து மோந்து பார்த்தார்.

"அல்வா வாசம் வருதே. துக்க வீட்டுக்கு யாருங்க இனிப்பு கொண்டாந்தது?"

வந்திருந்த பெண்கள் அவரவர் பையைத் திறந்து காட்டினார்கள். நானும் காட்டினேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அப்போது என் தோளில் கிடந்த செல்வி மெல்லச் சொன்னாள்.

"பசிக்கிதுடி."

மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் இறங்காதவள். நாத்தனார் இனிப்பை மறந்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கஞ்சியை எடுக்க ஓடினார். என் மேல் சாய்ந்தபடியே செல்வி இரண்டு டம்ளர் குடித்தாள்.

கிளம்பும்போது நாத்தனார் வாசல்வரை வந்தார்.

"நாளைக்கும் வாங்க. நீங்க பக்கத்துல இருந்தாத்தான் அவளுக்கு எறங்குது."

துக்க வீட்டுக்குப் போய்வந்தால் கட்டிய துணியை நனைத்துப்போட வேண்டும். தலைக்கு ஊற்றிக்கொண்டேன். சேலையை மட்டும் நனைக்கவில்லை.