ட்ரம்ஸ்: ரவி

மார்ச் 4, செவ்வாய்

நோர்பரி பஸ்ஸில் தமிழ் வானொலிப் பேட்டி ஒன்று கேட்டேன். பேசினது என் பழைய கூட்டாளி கிருசாந்தன். தொண்ணூறுகளில் லண்டன் தமிழ்ப் பெடியன்கள் கிட்டாரோடு திரிந்த காலம் பற்றிப் பேசினான். எங்கள் ராக் குழுவின் ஒரே கசெட் இப்போது இசைத்தட்டாக வருகிறதாம். "ட்ரம்ஸ் அடிச்ச ரவி கனடாவில எண்டு நினைக்கிறன்" என்றான்.

ரவி என்று யாரும் இல்லை. அது நான்.

மார்ச் 5

தோர்ண்டன் ஹீத்தில் கிருசாந்தனின் மாமாவின் கடைப் பின்னறையில்தான் ஒத்திகை. சத்தம் வெளியே போகாமல் ட்ரம்ஸைச் சுற்றி அரிசி மூட்டைகள். கிழிந்த ஜீன்ஸ், பெரிய பூட்ஸ், எனக்குப் பத்தொன்பது வயது. கசெட் உறையில் பெயர் போடும் நேரம் அம்மா அழுதார். "பொம்பிளைப் பிள்ளை ட்ரம்ஸ் அடிச்சதெண்டு தெரிஞ்சா ஆர் கட்டுவான்?"

பெடியன்கள் கூடிப் பேசி ரவியைப் பெற்றெடுத்தார்கள். என்னைக் கேட்கவில்லை. அரசாங்கம், போலீஸ், கோயில் என்று எல்லாரையும் எதிர்த்துப் பாட்டுக் கட்டினவர்கள் என் அம்மாவிடம் ஒரு சொல் சொல்லவில்லை. புரட்சிக்காரர்!

மார்ச் 9

கிருசாந்தனுக்குப் போன் எடுத்தேன். என் கல்யாணத்துக்குப் பிறகு இன்றுதான் பேசுகிறோம்.

"தவம், இனிக் கதையை மாத்தினா ஆக்கள் குழம்புவினம்."

"கை காய்ச்சது எனக்கு. பேர் ரவிக்கோ?"

"சரி, சரி. உன்ர முழுப்பேரையே போடுறன்."

அதற்கு மேல் அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மார்ச் 10

தவநாயகி. அச்சில் எப்படி இருக்கும்? நாற்பத்தெட்டு வயதில் எழுதிப் பார்க்கிறேன், வெட்கக்கேடு.

ஏப்ரல் 22

இசைத்தட்டு இன்னும் வரவில்லை.

மே 17, சனி

தபாலில் வந்தது. உறையைத் திருப்பினேன். ட்ரம்ஸ்: திருமதி தவநாயகி சண்முகராசா.

சண்முகராசா. எந்த மாப்பிள்ளை கிடைக்காமல் போவான் என்று என் பெயரை எடுத்தார்களோ, அவன். கல்யாணமான மாதமே என் ட்ரம்ஸ் குச்சிகளைக் குப்பையில் போட்டவன். விவாகரத்தாகி ஒன்பது வருஷம்.

"ஐயோ, நீங்கள் பிரிஞ்சது எனக்குத் தெரியாதே" என்றான் கிருசாந்தன் போனில். "கலியாணத்துக்கு வந்தனான், அந்தப் பேர்தான் ஞாபகம். வெறும் பேரைப் போட்டா மரியாதையில்லை. இனி மாத்த ஏலாது, எல்லாம் அச்சடிச்சாச்சு."

"உன்ர பேருக்குப் பின்னால உன்ர மனிசியின்ர பேர் இருக்கோ?"



மே 18

இசைத்தட்டைப் போட வீட்டில் மெஷின் இல்லை. இணையத்திலும் ஏற்றியிருந்தார்கள், கைப்பேசியில் கேட்டேன். நன்றாகத்தான் அடித்திருக்கிறேன்.

ரவி என்றே விட்டிருக்கலாம். அவன் எவனுக்கும் மனைவியில்லை.