பேசினது காந்திமதி

அன்புள்ள அக்கா,

மகள் கல்லூரிக்கென்று வாங்கிய ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டினால், உள்ளே உங்கள் ஆள் உட்கார்ந்திருக்கிறார். விக்டோரியா ராணி காலத்துப் பெண் கவிஞரின் படம். கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்பு உடுப்பு, மருந்துக்கும் சிரிப்பில்லாத முகம். அந்தப் பக்கத்தை மூட மனம் வரவில்லை.

அப்போது வளைகுடாவில், ரூவியில் நம் தமிழ்ச் சங்கத்தில் மகளிர் நிகழ்ச்சி என்றால் கோலம், சமையல் போட்டி, அதோடு சரி. நீங்கள் இந்த அம்மாவைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் செயலாளர், "எதுக்கும்மா அதெல்லாம்? ஒரு பாயாசம் சொல்லிக் குடுங்களேன்" என்றார். நீங்கள் விடவில்லை. அப்பா வீட்டுச் சாப்பாட்டு மேசை ஓரத்தில் எழுதியவர், ஆண் பெயரில் பத்திரிகைக்கு அனுப்பியவர் என்று தொடங்கினீர்கள். ஆகா ஓகோ என்றவர்கள், எழுதியது பெண் என்று தெரிந்ததும் அதே கவிதையைப் பொழுதுபோக்கு என்றார்களாம். அதன்பிறகு அவர் கடைசிவரை சொந்தப் பெயரில்தான் எழுதினார். புத்தகம் விற்கவில்லை என்பதையும் நீங்கள் மறைக்கவில்லை. பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்த நாங்கள்கூட வாய்மூடிக் கேட்டோம்.

முடிந்ததும் செயலாளர், "அருமையாகப் பேசிய திருமதி சேகருக்கு நன்றி" என்றார். சங்கத்தில் நாங்கள் எல்லோருமே கணவர் பெயரால்தான் அறியப்பட்டோம். நீங்கள் திரும்பி வந்து மைக்கை வாங்கினீர்கள்.

"சேகர் சோஹார்ல சைட்ல இருக்காரு. பேசினது காந்திமதி."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஆண்டு மலருக்கு நீங்கள் கொடுத்திருந்த கவிதை அதோடு நின்றது. "திருமதி சேகர்னு போட்டா வரும், எல்லாருக்கும் அப்படித்தானே போடுறோம்" என்றார்கள். "அப்ப வேண்டாம்" என்றீர்கள். உங்கள் எழுத்தை அச்சில் பார்க்க எவ்வளவு ஆசைப்பட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். மலர் வெளிவந்த வெள்ளிக்கிழமை என் சமையலறையில் நின்று அழுதீர்கள். "பேருதானே, விட்டுக் குடுத்திருக்கலாமோ?" என்று கேட்டீர்கள். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

போன மாதம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் 'திருமதி சேகர் காலமானார்' என்று செய்தி வந்தது. எந்தச் சேகர் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அழுகையோடு எரிச்சலும் வந்தது எனக்கு. இனிஷியல்கூடப் போடாமல் 'காந்திமதி' என்று மட்டும் அடித்தேன். ஐயோ, நம்ம காந்திமதியா என்று வரிசையாக வந்தார்கள். அந்தச் செயலாளரும் வந்தார்.

விட்டுக் கொடுத்திருந்தால், அக்கா, போனது யாரென்றே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

உங்கள்
வசந்தா